ஆணியில் இல்லாத தக்கை

கணவரோடு முப்பது வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு நேர்மையான மனிதரை இனிப் பார்க்க முடியாது என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கோட்டுப் பைக்குள் இருந்த அவளுடைய இடது கையில் அது தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், அடியில் திருகு மரை, மேலே விரலால் பிடித்துத் திருக ஒரு மேடு. படகின் தக்கை.

"ஆமாங்க, ரொம்ப நேர்மையானவர்" என்றாள் அவள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வந்தவர் கையை விட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் வைத்திருந்த பெட்டியின் பக்கம் போய் நின்றார். பெட்டிக்குள் கணவர் வெள்ளைச் சட்டையில், தலைமுடி அழுந்த வாரிவிடப்பட்டு, யாருடைய கணக்கையோ சரிபார்த்து முடித்த முகத்தோடு படுத்திருந்தார். மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. காலையிலிருந்து வாசல் கதவு திறந்தே கிடந்ததில் காற்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு மகள்தான் உள்ளே போய் அந்தக் கோட்டை எடுத்துவந்து போர்த்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகுச் சங்கத்திலிருந்து திரும்பி வந்து மாட்டிய கோட்டு. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தக்கை இங்கே இருக்கிறது. நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, அவர் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போயிருக்கிறார். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு, சோதிக்கத் தராசு இல்லாத குறைக்கு வீட்டில் இருந்த எல்லாவற்றையும் சோதித்தார். சர்க்கரைப் பொட்டலத்தை நிறுத்துப் பார்ப்பார். அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுவார். மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், ஏதோ தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல எழுந்து போய் அதை மறுபடி அணைத்துவிட்டு வருவார். மருமகன் கார் கதவைப் பூட்டினால் இவர் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அந்தப் பிள்ளை இந்தக் குடும்பத்தில் இன்னும் இருப்பதே பெரிய விஷயம்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் அந்தப் படகை வாங்கினார். ஒரே ஒரு ஆள் ஓட்டுகிற பந்தயப் படகு. ஒரு பாய், ஒரு சுக்கான், பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. இன்னொருவர் உட்கார இடமே கிடையாது. எடை ஐம்பத்தொன்பது கிலோ என்று விற்றவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் அலுவலகத் தராசில் ஏற்றிப் பார்த்து, இருநூறு கிராம் கூடுதலாக இருக்கிறது என்று அவர்களுக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. படகைவிட இவர் மூன்று கிலோதான் கூடுதல். அதனால் படகுக்கு ஓட்டுகிறவரும் அவர்தான், பாரமும் அவர்தான். காற்று பலமாக அடித்தால் உள்ளே இருக்கும் பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் விளிம்புக்கு வெளியே தள்ளித் தொங்க வேண்டும். காற்று விழுந்தால் அந்த நொடியே உள்ளே வந்துவிட வேண்டும். கொஞ்சம் யோசித்தால் கவிழ்ந்துவிடும். தும்மினால்கூட அதற்குத் தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொல்வார். கட்டிய மனைவி தும்மினால் அவருக்குத் தெரியாது என்று அவள் பதில் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அவள் ஒரு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் உட்காருவாள். முடிந்ததும் படகைக் கழுவுவது அவள் வேலை, அவருக்கு முதுகு குனியாது. படகின் உடம்பு உள்ளே வெறும் கூடு. அதன் பின்பக்கத்தில், அடியில், ஒரு துளை உண்டு. அங்கே திருகியிருக்கும் தக்கையைக் கழற்றிவிட்டால் உள்ளே கசிந்த ஈரம் வடிந்து ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். கழற்றிய தக்கையை, அதன் மேட்டில் உள்ள ஓட்டை வழியாக, படகுக் கொட்டகைத் தூணில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். திங்கட்கிழமை காலை நடைக்குப் போகும்போது அந்தப் பக்கமாகப் போய் அதைத் திருகிவிட்டு வருவாள். செவ்வாய்க்கிழமை அவர் தனியாகப் பயிற்சிக்குப் போவார். பதினோரு வருடமாக இதுதான் நடைமுறை.

தக்கையைத் திருகினாயா என்று இந்தப் பதினோரு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உலகத்தில் அவர் சரிபார்க்காதது தன் கைவேலை ஒன்றைத்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்பது போல வைத்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. கழற்றியதைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். திங்கட்கிழமை முழங்கால் வலி, நடைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் கிளம்பும்போது அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வரேன் என்றார். சரி என்றாள். தக்கையின் நினைப்பே வரவில்லை.

தக்கை இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று படகு வாங்கிய முதல் வாரத்தில் அவரே விளக்கியிருந்தார். உடனே ஒன்றும் தெரியாது. துளை சின்னது, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். நடு ஏரிக்குப் போன பிறகுதான் படகு கனக்கத் தொடங்கும். உள்ளே புகுந்த தண்ணீர் சாய்கிற பக்கமெல்லாம் ஓடும், ஆள் எடையால் அதைச் சமாளிக்க முடியாது. கவிழ்ந்தால் நிமிர்த்தவும் முடியாது. அறுபத்தேழு வயது மனிதர் கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, இழுத்து, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறி இழுப்பதை அவள் மனக்கண்ணில் பார்த்தாள். இதயம்தான் நின்றிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். கடைசியில் எல்லாருக்கும் இதயம்தான் நிற்கிறது. எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியில் அவர் தலையைத் தடவியபோது முடி சொதசொதவென்று நனைந்திருந்தது.

"அந்தச் சக்களத்தி எங்க அண்ணனை முழுங்கிட்டா" என்று நாத்தனார் காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்குப் படகு எப்போதுமே சக்களத்திதான். சங்கத்தின் செயலாளர் மகளுக்குப் போன் செய்து, தண்ணீரில் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டது என்றுதான் சொன்னார். அது நாத்தனாரிடம் வந்து சேர்வதற்குள் படகு கவிழ்ந்து ஆள் மூழ்கி ஒரு மணி நேரம் தேடினார்கள் என்று ஆகிவிட்டிருந்தது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒவ்வொரு உச்சுக்கும் அவள் பைக்குள் தக்கையை இறுக்கிப் பிடித்தாள். மரை விரலில் பதிந்து வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

யாரிடம் கேட்பது? படகை இழுத்து வந்தவர் சங்கத்தின் காவலாளி. உட்கார்ந்தால் எழுந்திருக்காததால் அவருக்கு நங்கூரம் என்று பெயர். சமையலறைக்குப் போய்ச் சங்கத்துக்குப் போன் செய்து பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே போன் சுவரில் இருக்கிறது, நங்கூரம் நாற்காலியில் இருக்கிறார், இரண்டுக்கும் நடுவில் பத்தடி தூரம். ராத்திரி முழுவதும் தூங்காத கண் எரிந்தது. இன்னும் மூன்று மணி நேரத்தில் அவரை எடுத்துவிடுவார்கள். தெரியாமலே அவரை அனுப்பிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு தானும் வருவதாகக் கிளம்பினாள்.

"நீ வேணாம். நீ இங்க இரு, வர்றவங்களைப் பாரு" என்றாள் அவள். "எனக்குத் தனியா போகணும்."

மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிம்மா என்று மட்டும் சொன்னாள். பின்வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டதும் மகள்தான்.

கால் மணி நேர நடை. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. புருஷன் கூடத்தில் கிடக்கும்போது பெண்டாட்டி தெருவில் நடக்கிறாள் என்று யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். கொலை செய்தவளா இல்லையா என்று தெரிந்த பிறகு அதைப் பற்றிக் கவலைப்படலாம் என்று நினைத்தாள். கொலை என்ற வார்த்தை மனதில் வந்ததும் சாலையோரம் ஒரு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி நடந்தாள்.

கொட்டகையில் ஒரே மாதிரி ஏழு படகுகள் தள்ளுவண்டிகளில் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நூல் அளவு வித்தியாசம் கிடையாது. ஓட்டுகிறவரின் திறமை மட்டும்தான் ஜெயிக்க வேண்டும், படகு ஜெயிக்கக் கூடாது என்று விதி அப்படி. ஒன்றின் பாய் மற்றதுக்குப் பொருந்தும், ஒன்றின் சுக்கான் மற்றதுக்குப் பொருந்தும். அவருடையது ஐந்தாவது. யாரோ துணி உறையைப் போட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். தூணைப் பார்த்தாள். ஆணி காலியாக இருந்தது. காலியாகத்தான் இருக்கும், தக்கை அவள் பையில் அல்லவா இருக்கிறது.

முன்னால் போய் மூக்குப் பக்கம் இருந்த பிடியில் கையை வைத்துத் தூக்கினாள். தூக்க வந்தது. ஒரு கையாலேயே, முழங்கால் வலியோடேயே, சுலபமாகத் தூக்க வந்தது. உள்ளே தண்ணீர் இருந்தால் நான்கு ஆள் சேர்ந்தாலும் நகராது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. துளை திறந்திருந்தால் ஒரு ராத்திரிக்குள் எல்லாத் தண்ணீரும் வடிந்துபோயிருக்குமே. அதற்காகத்தானே தக்கையைக் கழற்றுவதே. பதினோரு வருடமாகச் செய்கிற வேலை, அது மறந்துவிட்டது. பிடியைக் கீழே விட்டாள்.

பின்பக்கம் போய் உறையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது, நகம் ஒடிந்தது. உறையைத் தூக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்து, பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தடவினாள். துளை இல்லை. துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் சிவப்பு நிறத்தில் ஒரு தக்கை. அவருடையது வெள்ளை. அந்த வெள்ளை அவள் பையில் இருந்தது. கரைக்கு இழுத்துவந்த பிறகு யாராவது மாட்டியிருந்தால் என்ன செய்வது என்று மனம் உடனே அடுத்த சந்தேகத்துக்குப் போனது. முப்பத்தெட்டு வருடம் ஓர் ஆய்வாளரோடு குடும்பம் நடத்தினால் இப்படித்தான்.

"அம்மா."

நங்கூரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியைவிட்டு இவ்வளவு தூரம் அவர் நடந்துவந்ததை அவள் பார்த்ததே இல்லை. ஐம்பது வயது ஆள், தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வராததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். வயதானவரைத் தனியாக ஏன் விட்டாய் என்று கேட்டால் சொல்வதற்குத் தன்னிடம் பதில் இல்லை, அதனால்தான் போன் அடித்தபோதும் எடுக்கவில்லை என்றார். ராத்திரி பூராவும் இங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

அவளுக்கு அதெல்லாம் காதில் சரியாக விழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சிவப்புத் தக்கையைக் காட்டினாள்.

"இதை யார் மாட்டினது? எப்ப மாட்டினது?"

"சார்தாம்மா. நேத்துக் காலையில, கிளம்புறதுக்கு முன்னாடி."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான்தாம்மா எடுத்துக் கொடுத்தேன்."

அவள் தரையில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள். நங்கூரமும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்குப் பேச்சு வந்தது. பக்கத்துப் படகு பல் டாக்டருடையது, அவர் ஊரில் இல்லை. அதிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம். எல்லாம் ஒரே அளவுதானே.

"எப்பவும் போல வந்ததும் முதல்ல தூணைத்தான் பார்த்தார். ஆணியில இல்ல. கீழே குனிஞ்சு படகுல பார்த்தார். அங்கேயும் இல்ல. அப்புறம் சிரிச்சார்மா. 'இந்த வாரம் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டா போல'ன்னார்."

 எப்பவும் போல என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டாள்.

நங்கூரம் தொப்பியைத் திருப்பினார். சொல்லக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார் என்றார். சொன்ன ஆளே போய்விட்ட பிறகு யாருக்காகக் கட்டிக் காப்பது என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

"மாசத்துல ரெண்டு வாரமாவது ஆணியிலதாம்மா தொங்கும். திங்கக்கிழமை நீங்க வர்றீங்க, என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுறீங்க, படகைத் தட்டிக் கொடுக்குறீங்க, தக்கையை மறந்துட்டுப் போயிடுறீங்க. மறுநாள் சார் வந்து மாட்டிக்குவார். சொல்லிடலாமே சார்னு ஒரு தடவை கேட்டேன். 'வேணாம்பா, அவ செய்ற எல்லாத்தையும் நான் பார்க்குறேன்னு நினைச்சுடுவா'ன்னார்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். பதினோரு வருடம். சர்க்கரைப் பொட்டலத்தோடும் மருமகனின் கார் கதவோடும் தன்னையும் சேர்த்துத்தான் சோதித்திருக்கிறார். அதுவும் வாரம் தவறாமல். அதைவிடப் பெரிய அநியாயம், அதை மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறார். அரைக் கரண்டி எண்ணெய் கூடினால் அன்றைக்கெல்லாம் பேசுகிற மனிதர். சரியான அழுத்தக்காரர்.

கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதன் பின்னாலேயே வேறொன்று வந்து அவளை முழுக்க நனைத்தது. நான் இல்லை. நான் கொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டார். அவர் எப்போதும் பார்த்துவிடுவார். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அது அழுகையாகத் திரும்பியது, நேற்றிலிருந்து வராத அழுகை. நங்கூரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள், சொல்லாமலே இருந்தது நல்லதாகப் போயிற்று.

மூக்கைச் சிந்திக்கொண்டு, அவருடைய தலை ஏன் நனைந்திருந்தது என்று கேட்டாள்.

அதற்கும் நங்கூரத்திடம் பதில் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் கரையைவிட்டு நகர்ந்ததும் முதல் வேலையாக வேண்டுமென்றே படகைக் கவிழ்ப்பாராம். தராசை வைத்து நிறுப்பதற்கு முன்னால் தராசைச் சோதிக்க வேண்டும், அது போலத்தான் என்பாராம். கவிழ்த்து, சுற்றி நீந்திப் போய், நடுப்பலகையில் ஏறி நின்று, நிமிர்த்தி, உள்ளே வந்து விழ எத்தனை நேரம் ஆகிறது என்று நங்கூரம் கரையிலிருந்து மணி பார்க்க வேண்டும். நாற்பது விநாடியைத் தாண்டினால் அன்றைக்கு நடு ஏரிக்குப் போக மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இது கிடையாது. அம்மா பயந்துவிடுவாள் என்பாராம்.

"நேத்து எத்தனை?"

"முப்பத்தெட்டு. நான் விரல்ல காட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போனார்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கையால் காற்று வந்த திசையைக் காட்டினார். நடுத்தரமான, சீரான காற்று. மஞ்சள் மிதவை வரை எதிர்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் போய்ச் சுற்றித் திரும்பியிருக்கிறார். திரும்பியதும் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இந்தப் படகுக்கு அதுதான் பிடித்த வழி. மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைவிட்டு எழுந்துவிடும். ஏரியின் பாதித் தூரத்துக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது என்றார்.

"அந்த மாதிரி ஓட்டம் இந்த வருஷம் யாருக்கும் அமையலம்மா. சார் நல்லா வெளியே சாஞ்சு தொங்கிட்டிருந்தார். அப்புறம் நிதானமா உள்ளே வந்தார். உள்ளே உட்கார்ந்துட்டு, கயித்தையும் சுக்கானையும் விட்டுட்டார். விட்டா அது தானே காத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுடும். நின்னுடுச்சு. பாய் மட்டும் படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. தண்ணி குடிக்கிறார்னு நினைச்சேன்."

"கவுறலையா?"

"கவுறலம்மா. அவர் நடுவுல, அடியில உட்கார்ந்திருந்தார். எடை சரியா இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு மோட்டார் படகை எடுத்துட்டு ஓடினேன். பக்கத்துல போனா, விளிம்புல தலையைச் சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கூப்பிட்டுப் பார்த்தேன்."

  கொட்டகைக்கு வெளியே ஏரி அமைதியாகக் கிடந்தது. நாலைந்து வாத்துகள் படித்துறையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

அவள் எழுந்து, சிவப்புத் தக்கையைத் திருகிக் கழற்றினாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. பல் டாக்டர் திரும்பி வரும்போது அவருடையது அவரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதைப் பக்கத்துப் படகில் திருகினாள். தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்துக் கணவரின் படகில் மாட்டினாள். முழுதாக இறுகிய பிறகும் இன்னொரு கால் திருப்பு திருப்பினாள். நங்கூரம் குனிந்து அதைப் பார்த்தார். சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, சரியாக இருக்கிறது என்றார்.

பிறகு அவள் அவரையும் தன்னோடு வரச் சொன்னாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவர் கதவைப் பூட்டினார். பழக்கதோஷத்தில் அவள் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

திரும்பும்போது மணி மூன்றேகால். முன்வாசல் வழியாகவே போனாள். கூடம் நிறைந்திருந்தது. அவளையும் பின்னால் தொப்பியோடு வந்த ஆளையும் பார்த்ததும் பேச்சு அடங்கியது. நாத்தனார் எழுந்து எதிரில் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்க போயிட்டீங்க அண்ணி? எங்கண்ணனை இப்படிப் போட்டுட்டு, இந்த நேரத்துல எங்க போனீங்க?"

அவளுக்குப் பதிலுக்குச் சூடாக ஒன்று சொல்ல வந்தது. நாத்தனாரின் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். தன் பயத்துக்கு ஒரு தக்கை கிடைத்த மாதிரி, இவளுடைய துக்கத்துக்கு ஒரு படகு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நங்கூரத்தைப் பார்த்து, என்னிடம் சொன்னதை இவளிடமும் சொல்லுங்கள் என்றாள்.

அவர் நின்றபடியே சொன்னார். ஆணியைப் பற்றியும் தக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லக் கூடாதென்று அவருக்கே தெரிந்திருந்தது. காற்று எந்தப் பக்கம், மிதவையை எப்படிச் சுற்றினார், படகு எப்படி எழுந்து ஓடியது என்று சொன்னார். மகள் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள். அலுவலக நண்பரும் பக்கத்தில் வந்தார்.

"தண்ணியில விழலையா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"இல்லம்மா. உட்கார்ந்தபடியேதான். படகு அசையவே இல்ல."

நாத்தனார் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சின்ன வயதிலேயே அண்ணன் உட்கார்ந்தபடி தூங்குவான் என்றாள். குறிப்பாக யாரிடமும் இல்லை, சும்மா சொன்னாள். மகள் நங்கூரத்துக்கு ஒரு நாற்காலியும் தேநீரும் கொண்டுவந்தாள். அவர் உட்கார்ந்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். எதிரே பெட்டியில் அவர் படுத்திருந்தார். காலையிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தவள் இப்போது நன்றாகப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு முடி மட்டும் தனியாக நீண்டிருந்தது. எழுந்து போய் அதை நீவிவிட வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் எழுந்திருக்கவில்லை. உடம்பு முழுவதும் தளர்ந்து, கையும் காலும் தன்னுடையவை இல்லை என்பது போலக் கிடந்தன. ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று மூடினாள்.

எங்கோ வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாலு பேரின் செருப்புச் சத்தம் கேட்டது. எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். மகளின் குரல், ஒரு பத்து நிமிடம் பொறுங்கள் என்றது. தன் தலை ஒரு பக்கமாகச் சரிவது அவளுக்குத் தெரிந்தது, ஆனால் தூக்க முடியவில்லை. சரிந்த இடத்தில் ஒரு தோள் இருந்தது. நாத்தனாரின் தோள். அது கொஞ்சம் தாழ்ந்து, அவள் தலைக்குச் சரியாக இடம் கொடுத்து நின்றது. கூடத்தில் எல்லாரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். அந்தத் தோள் மட்டும் அசையவே இல்லை.